காட்டுக்குள் ஒரு நாடு

(ஆம்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆம்பூர்க்காரர்களோடு வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கமிருந்தும் பலர் வந்திருக்கிறீர்கள். தொழிற்சாலையில் வேலை முடிந்து நேராக இங்கே வந்தவர்களும் இருக்கிறீர்கள். முன்வரிசை முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள். அதனால் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குகிறேன்.

உங்களுக்கெல்லாம் மாய நாட்டுக் கதைகள் பிடிக்கும். சுற்றிலும் மலை, நடுவே காடு, காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிற்றூர்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதென்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். புலி வரும், பாம்பு வரும், இருட்டியதும் கொள்ளைக்கூட்டம் வரும். ராஜா எங்கேயோ தொலைவில் இருப்பார். ஊரை ஊர்தான் காத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரிக் கதையைப் புத்தகத்தில் படிக்கிறீர்கள், திரையில் பார்க்கிறீர்கள், கைப்பேசியில் விளையாடுகிறீர்கள். அப்படி ஒரு நாடு நிஜமாகவே இருந்தது, பிள்ளைகளே. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த மண்தான் அந்த நாடு. அதன் கதையை எழுதியவர்கள் அந்த ஊர்க்காரர்களே. எழுதிய இடம் கல்.

இன்று நான் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். சிதறிக் கிடந்த அந்த ஊர்கள் ஒரு நாடாக நின்றதற்குக் காரணம், ஊருக்காக உயிர் விட்டவனை ஊர் மறக்காது என்ற உறுதி. அந்த உறுதியின் சாட்சிகளான நடுகற்கள் நம் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் காப்பது நம் தலைமுறையின் கடமை.

முதலில் நில அமைப்பைப் பாருங்கள். தெற்கே ஜவ்வாது மலை. வடக்கே நாயக்கனேரி, பேரணாம்பட்டு மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே பாலாறு. மேற்கே மலையேறினால் கோலார் மேட்டுநிலம், கிழக்கே இறங்கினால் காஞ்சிபுரம், அதற்கப்பால் கடல். மேட்டுநிலத்துக்கும் கடற்கரைக்கும் இடையே படை நடத்த வசதியான வழிகளில் இந்தப் பள்ளத்தாக்கு முக்கியமானது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஆம்பூர் வழியாகப் போவதற்குக் காரணமும் இதே அமைப்புதான். 1749 ஆகஸ்டில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் ஆம்பூர்ப் போரில் மாண்டதும், 1767இல் ஹைதர் அலியின் படை ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டதும் இந்த வழியில்தான். இதற்குத் தெற்கே, ஜவ்வாது மலையைத் தாண்டினால் செங்கம், தண்டராம்பட்டு. மேலும் தென்மேற்கே ஊத்தங்கரை, அரூர். ஒரு காலத்தில் இவ்வளவும் தொடர்ச்சியான காட்டுப்பகுதி.

இந்தக் காட்டு வழியை நேரில் கண்டது போல விவரிக்கும் நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம். 583 அடிகள். பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பல்குன்றக் கோட்டத்தில் செங்கண்மா என்ற ஊரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு, அவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் இன்னொரு கூத்தன் வழி சொல்கிறான். செங்கண்மாதான் இன்றைய செங்கம். நவிரமலை என்று பாட்டில் வருவது பர்வதமலை. சேயாறு என்பது நம் செய்யாறு.

அந்தக் கூத்தன் சொல்லும் எச்சரிக்கைகள் வழிப்போக்கனின் அனுபவ அறிவு. காட்டுப்பன்றிக்காக வைத்த பொறி வழியில் இருக்கும், பார்த்துப் போங்கள். பாம்பு மறைந்திருக்கும் குழிகள் உண்டு. தினைப்புனத்தில் பரண்மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், அந்தக் கல் உங்கள் மேல் பட்டுவிடலாம், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள். பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். இப்படி ஒவ்வோர் ஆபத்தையும் அடையாளம் சொல்லிக்கொண்டே போகிறான். அந்த எச்சரிக்கைகளுக்கு நடுவே இன்னொன்றும் சொல்கிறான். இடையிடையே வரும் சிற்றூர்களில் ‘நாங்கள் நன்னனிடம் போகும் கூத்தர்கள்’ என்று சொல்லுங்கள், முன்பின் தெரியாதவர்களானாலும் உறவினரைப் போல உங்களை வரவேற்றுத் தினைச்சோறும் இறைச்சியும் தருவார்கள் என்கிறான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காட்டுக்குள் இருந்த அந்த ஊர்களில் அரசனின் படைவீரன் இல்லை, அதிகாரி இல்லை. ஆனால் நன்னன் பேரைச் சொன்னால் கதவு திறந்தது. ஒரு பேர் அவ்வளவு தூரம் செல்லுபடியானது. காட்டு நாட்டில் ஆட்சி என்பது இதுதான்.

அதே பாட்டு, வழியிலும் கிளைப்பாதைகளிலும் பெயரோடு நட்ட கற்கள் பல இருக்கும் என்றும் சொல்கிறது. மலைபடுகடாம் பாடப்பட்ட காலத்திலேயே இந்தக் காட்டுவழியில் நடுகற்கள் நிறைந்திருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நடுகல் என்ற வழக்கத்துக்கு இலக்கணமே உண்டு. தொல்காப்பியம் அதை ஆறு படிகளாகச் சொல்கிறது. முதலில் நல்ல கல்லைத் தேடிக் காண்பது. நாள் பார்த்து அதை எடுத்து வருவது. நீராட்டுவது. நடுவது. பெரும்படையல் இடுவது. கடைசியில் வாழ்த்துவது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டெடுத்த கற்களில் தமிழி எழுத்தே இருந்தது. அவற்றில் ஒன்றின் செய்தியும் ஆநிரை கவர்ந்த சண்டைதான். ஆகவே வழக்கம் தமிழகம் முழுவதற்கும் பொதுவானது. ஆனாலும் எழுத்தோடு கூடிய நடுகற்கள் மிக அடர்த்தியாகக் கிடைப்பது நம் பக்கத்தில், அதாவது செங்கம், தண்டராம்பட்டு, அரூர், தருமபுரி வட்டாரத்தில். 1970களின் தொடக்கத்தில் முனைவர் இரா. நாகசாமி தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் இருந்தபோது, துறையினர் செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராகத் தேடிப் படித்துச் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாகவே வெளியிட்டார்கள்.

ஏன் இவ்வளவு சண்டை, ஏன் மாட்டுக்காக? மானாவாரி நிலம் இது. மழை பொய்த்தால் பயிர் போகும். மாடு மட்டுந்தான் மேய்ச்சலைத் தேடி நடந்து போய்ப் பிழைக்கும். திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது புதிய கற்கால மக்களின் குடியிருப்பு வெளிப்பட்டது. அந்தக் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்தின் செல்வம் கால்நடை. நெல்லைக் களஞ்சியத்தில் பூட்டி வைக்கலாம், மாட்டைப் பூட்டி வைக்க முடியாது. காட்டோரம் மேயவிட்டால்தான் உண்டு. காட்டோரம் மேய்ந்தால் எதிரி ஓட்டிக்கொண்டு போவான். தொறு என்று கல்வெட்டில் வருவது இந்த மந்தையைத்தான். தொறு போனால் ஊருக்குப் பாலும் இல்லை, எருவும் இல்லை, உழவும் இல்லை. அதனால்தான் தொறு மீட்கப் போனவன் திரும்பி வராதபோது ஊரே கூடிக் கல் நட்டது.

இப்போது இரண்டு இடத்துக் கற்களை உங்கள் கண்முன் வைக்கிறேன்.

முதலாவது எடுத்தனூர்க் கல். திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் இருக்கும் ஊர் அது. காலம் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் ஆநிரைச் சண்டையில் உயிர் விட்டான். அவனோடு ஒரு நாய் இருந்தது. அதன் பேர் கோவிவன். அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் கல் பதிவு செய்திருக்கிறது. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது.

மகேந்திரவர்மன் யார்? காஞ்சியில் இருந்து ஆண்டவர். மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தவர். நம் அரக்கோணம் பக்கத்து மகேந்திரவாடிக் குடைவரையும் அவருடையது. வடமொழியில் நாடகம் எழுதியவர். அப்பேர்ப்பட்ட பேரரசரின் ஆட்சியாண்டு, காட்டோரத்து ஊரில் ஒரு வீரனையும் ஒரு நாயையும் நினைவுகூரும் கல்லில் தலைவரியாக நிற்கிறது. அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேர் காஞ்சிபுரத்தைப் பார்த்திருக்கப் போகிறார்கள்? ஆனாலும் இது மன்னருக்கு 34ஆம் ஆண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காட்டு வழியைக் கடந்து அந்தக் கணக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எழுத்தோ வட்டெழுத்து. காஞ்சிப் பல்லவர்களின் அரச சாசனங்களில் காணும் கிரந்தம் இந்தக் கல்லில் இல்லை. ஆண்டுக்கணக்கு அரசனுடையது, எழுத்தும் வீரனும் நாயும் ஊருடையவை. பேரரசும் சிற்றூரும் அந்த ஒரே கல்லில் சந்தித்துக்கொள்கின்றன.

இரண்டாவது கற்கள் உங்கள் ஊருடையவை. ஆம்பூரில் கிடைத்த இரண்டு நடுகற்கள். கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் படித்து, 1890களில் ‘எபிகிராபியா இண்டிகா’ நான்காம் தொகுதியில் வெளியிட்டார். காலம் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டு, ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அந்தக் கல்வெட்டில் உங்கள் ஊரின் பேர் ஆமையூர். அது தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றான படுவூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. நடந்தது என்ன? நுளம்பனின் படை ஆமையூர் மேல் வந்து தொறுவைக் கவர்ந்தது. பிருதிகங்கரையரின் சேவகர்கள் எதிர்த்து நின்று பட்டார்கள்.

நுளம்பர்களின் தலைநகரம் ஹேமாவதி, இன்றைய ஆந்திரத்தின் அனந்தபூர்ப் பக்கத்தில் இருக்கிறது. கங்கர்கள் கோலார், தலக்காட்டுப் பக்கத்தவர்கள். இங்கே பக்கத்திலேயே திருவல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வாணர்கள். கிழக்கே காஞ்சிப் பல்லவர். நான்கு அரச குலங்களின் நிழலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்த எல்லை நிலம் இந்தப் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் கள்ளர் கூட்டம் மாடு ஓட்டியது, இப்போது அரசனின் படையே மாடு ஓட்ட வருகிறது. படை எடுப்பவனுக்கு இது போரின் முதல் நடவடிக்கை. ஆமையூர்க்காரனுக்கு அடுத்த வருஷத்துச் சோறு. போரில் யார் ஜெயித்தது, எல்லை எங்கே மாறியது என்பது அந்தக் கல்லின் அக்கறை இல்லை. நம் மாட்டுக்காக நின்றவன் இவன் என்பதுதான் அதன் அக்கறை.

ஆம்பூர் என்றதும் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தோலும் செருப்பும் பிரியாணியும் நினைவுக்கு வரும். அது உங்கள் உழைப்பின் பேர், அதில் பெருமைப்படுங்கள். அதோடு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊரைக் காத்தவனின் பேரைக் கல்லில் எழுதி வைத்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடுகற்கள் மாட்டுச் சண்டைக்கு மட்டும் நடப்படவில்லை. புலியோடு போராடி மாண்டவனுக்குப் புலிக்குத்திப்பட்டான் கல் உண்டு. காட்டுப்பன்றியைக் குத்தி மாண்டவனுக்கும் கல் உண்டு. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள். ஊருக்கு எதெல்லாம் ஆபத்தோ, எதெல்லாம் பெருமையோ, அவ்வளவும் கல்லில் ஏறியது.

வெறும் புகழோடு ஊர் நின்றுவிடவில்லை என்பதையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சண்டையில் மாண்டவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் கல்வெட்டுகள் சொல்வது அந்த நிலத்தைத்தான். ரத்தம் சிந்தியதற்கான நிலம். காட்டு நடுவே நாலு பக்கமும் ஆபத்து சூழ்ந்த ஊரில், ஒருவன் வில்லை எடுத்துக்கொண்டு மந்தையின் பின்னால் ஓடுகிறான் என்றால், அவன் மனத்தில் இரண்டு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். நான் விழுந்தால் என் பேர் நிற்கும். நான் விழுந்தால் என் பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள். இந்த இரண்டும் இல்லாத நாட்டில் எவனும் எவனுக்காகவும் ஓட மாட்டான். கோட்டைமதிலும் யானைப்படையும் இல்லாத ஊர்களை இந்த நம்பிக்கைதான் காத்தது.

அந்தக் காட்டு நாட்டின் கடைசிச் சாயல் ஜவ்வாது மலையில் இன்றும் இருக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிய மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். சாமையும் தினையும் அவர்கள் பயிர். மலைமேல் கீழ்செப்பிலிப் பக்கம் பெருங்கற்காலக் கற்பதுக்கைகளைக் காட்டினால், அவை வாலியர் என்ற குள்ள மனிதர்களின் வீடு என்பார்கள். 1960களின் பிற்பகுதியில் வானியலாளர்கள் இந்த மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். ஊர்வெளிச்சம் படாத வானம் வேண்டும் என்பதே காரணம். 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் பயத்தைக் கொடுத்த அதே இருட்டு, இன்று அறிவுக்குப் பயன்படுகிறது.

சரி, கற்களின் இன்றைய நிலை என்ன? பல கற்களுக்கு மக்களின் பக்தியே காவல். செங்கம், அரூர் வட்டாரங்களில் அவை வேடியப்பன் என்ற பேரில் தெய்வமாக நிற்கின்றன. படையலும் பொங்கலும் நடக்கின்றன. தொல்காப்பியம் சொன்ன பெரும்படையலும் வாழ்த்தும் இன்னும் முடியவில்லை. அப்படிக் கும்பிடும் மக்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். அவர்கள் இல்லையென்றால் பாதிக் கற்கள் எப்போதோ அஸ்திவாரத்துக்குள் போயிருக்கும். ஒன்று மட்டும் அவர்களிடம் கேட்டுக்கொள்வேன். மஞ்சளும் குங்குமமும் பூசுங்கள். எனாமல் பெயின்ட் அடிக்காதீர்கள். எழுத்துப் பள்ளத்துக்குள் பெயின்ட் இறங்கிக் காய்ந்துவிட்டால் அந்த வரியைப் படிப்பது பெரும்பாடு.

கல்லில் எழுத்து எப்படிப் படிக்கப்படுகிறது என்பதைப் பிள்ளைகள் ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டு மெல்லிய தூரிகையால் கழுவுவார்கள். ஈரம் காயுமுன் தாளை அதன்மேல் பரப்பி, கெட்டியான தூரிகையால் தட்டிக்கொண்டே வருவார்கள். தட்டத் தட்டத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மை தொட்ட பந்தால் மேலே ஒற்றுவார்கள். மேடான இடம் கறுக்கும், பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். வெறும் கண்ணுக்குக் கீறலாகத் தெரிந்தது வரிவரியாக எழுந்து வரும். இதற்குப் பேர் மைப்படி. நேற்று வரை பேரில்லாமல் நின்ற ஒரு வீரன், தாளை உரித்தெடுக்கும்போது தன் பேரோடு வருவான்.

பக்தி எட்டாத கற்கள்தான் ஆபத்தில் இருக்கின்றன. சாலை அகலமாகும்போதும், ஏரிக்கரை பலப்படும்போதும், மனைப்பிரிவு போடும்போதும் புரட்டித் தள்ளப்படுபவை அவை. உங்கள் ஊரில் உருவமோ எழுத்தோ உள்ள கல்லைப் பார்த்தால் அதை நகர்த்தாதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் படமெடுங்கள், எழுத்து தெளிவாக விழும். எந்த ஊர், எந்த ஏரிக்கரை, யார் நிலம் என்று குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் தெரிவியுங்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போகும்போது அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தையும் காட்டுங்கள்.

முடிக்குமுன் ஒன்று. ஊரின் பொதுச்சொத்தைக் காப்பது என்பது பழங்கதை இல்லை. அன்று அந்தச் சொத்து மந்தை. நம் காலத்தில் அது பாலாறும் கிணற்றுத் தண்ணீரும். தோல் தொழிலின் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோது, இந்தப் பகுதி மக்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறி இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஈடு கொடுக்கவும் உத்தரவிட்டது. தொழிலும் இதே மக்களின் சோறு, தண்ணீரும் இதே மக்களின் உயிர். இரண்டையும் காக்கும் பொறுப்பு நம்முடையது. உதிரப்பட்டி கொடுத்த ஊருக்கு, இழந்தவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே பிள்ளைகளே, அடுத்த முறை மாய நாட்டுக் கதை படிக்கும்போது, உங்கள் ஊர்ப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ‘தாத்தா, நம்ம ஊர்ல வேடியப்பன் கல் எங்கே இருக்கு, அது யாருக்காக நட்டது?’ விடை கிடைத்தால் எழுதி வையுங்கள். கிடைக்காவிட்டால் கல்லைத் தேடிப் போங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தில் ஒரு நடுகல்லுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். இந்த ஆண்டிலேயே அதைத் தொடங்குங்கள்.